சிஸ்டர் சொன்னது வீடு போய்ச் சேர்ந்ததா?

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். காபித் தோட்டத்தில் வேலை. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே வார்டில் சேர்ந்தபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு வாரம் வைத்திருந்து, இன்சுலின் ஆரம்பித்து, காலையில் 20 யூனிட், இரவில் 10 யூனிட் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம். ஊசி போடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். நாக்கு வறண்டு, கண் சொருகி, சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது.

"ஊசி போட்டீங்களா அய்யா?"

"ஒரு வேளை விடலைங்க சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே இருவது கோடு வரைக்கும் இழுத்துத்தாங்க போட்டேன்."

அவர் மனைவி மஞ்சப்பையிலிருந்து ஊசியை எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு மூடி. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கென்று இருப்பது சிவப்பு மூடி ஊசி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. இரண்டிலும் கோடும் எண்ணும் இருக்கும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்பது 0.2 மில்லி. 40 யூனிட் குப்பியிலிருந்து 0.2 மில்லி இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட் மட்டும். நாங்கள் கொடுத்த ஊசிகள் தீர்ந்ததும் அவர் கடையில் 'சுகர் ஊசி' கேட்டிருக்கிறார். அங்கே இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். இதுவே தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்திருந்தால் 50 யூனிட் போயிருக்கும். அப்போது அவர் உயிரோடு வந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

20 கோடு வரை இழுக்கச் சொன்னேன், மூடியின் நிறத்தைச் சொல்லவில்லை. அவர் நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் செய்திருந்தார்.

மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் செவிலியர் சொல்லிக்கொடுப்பதை 'நோயாளிக் கல்வி' என்கிறோம். சில வார்டுகளில் அது நன்றாக நடக்கிறது, சிலவற்றில் பேருக்கு நடக்கிறது, சிலவற்றில் நடப்பதே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'அந்த சிஸ்டர் தங்கமானவங்க, இந்த சிஸ்டர் முகம் கொடுத்தே பேச மாட்டாங்க' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் சேலத்தில் வார்டு வேலை பார்த்திருக்கிறேன். எனக்குப் பட்டது இது: சிஸ்டரின் குணத்துக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அவர் வேலை பார்க்கும் வார்டு எப்படி நடக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

முதலில், எதைச் சொல்லிக்கொடுக்கிறோம்?

சுவரில் ஒட்டியிருக்கும் கைகழுவும் படமும், நர்சிங் மாணவிகள் சார்ட் பிடித்துக்கொண்டு பேசும் ஹெல்த் டாக்கும் இதில் ஒரு ஓரம். நடு விஷயம் வேறு. வார்டில் நாங்கள் நோயாளிக்குச் செய்துகொண்டிருந்த வேலையை, வீட்டுக்குப் போனபின் அவரோ அவர் வீட்டாரோ செய்ய வேண்டியிருக்கிறது. மாத்திரை எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, தையல் போட்ட இடத்தில் தண்ணீர் படலாமா, எந்த அறிகுறி வந்தால் மறுபடி ஓடி வர வேண்டும், எது வந்தால் பயப்பட வேண்டாம். இந்த வேலை கைமாறுவதுதான் நோயாளிக் கல்வி. கைமாறவில்லை என்றால், ஒரு வாரம் வார்டில் பார்த்த வைத்தியம் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

அது அவ்வளவு சுலபமாகக் கைமாறுவதில்லை. மருத்துவப் பணியாளர் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துவிடுகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தப்பாகப் பதிந்திருக்கிறது என்று 2003-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் கட்டுரை எடுத்துச் சொன்னது. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இன்னொன்றைச் சொன்னது: வளர்ந்த நாடுகளிலேயே, நீண்டகால நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு நாகலூர்ப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது. அவர் மறக்கக்கூட இல்லை. நான் சொன்னதே முக்கால்வாசிதான்.

நேரம்

செவிலியர்களிடம் 'ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வரும் பதில் 'எங்கே நேரம்?' என்பதுதான். அது சாக்கு இல்லை. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. மூன்று ஷிப்டுக்கும் பிரித்தால், ஒரு ஷிப்டில் ஒருவருக்கு 9 நோயாளிகள். 9 பேர் என்றால் ஆளுக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிடலாம். நான் நைட் டியூட்டி பார்த்த வார்டுகளில் ஒற்றை ஆளாக முப்பது, நாற்பது பேரைப் பார்த்திருக்கிறேன். ஊசி, ட்ரிப்ஸ், டெம்பரேச்சர், பிரஷர், கேஸ் ஷீட் எல்லாம் முடிக்கவே விடிந்துவிடும்.

இதில் வெளியே தெரியாத ஒன்று இருக்கிறது. ஊசி போட்டால் கேஸ் ஷீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் விட்டால் அடுத்த ரவுண்ட்ஸில் கேள்வி வரும். சொல்லிக்கொடுத்தேன், சொல்லிக்கொடுக்கவில்லை என்று எழுதப் பல இடங்களில் ஒரு கட்டமே கிடையாது. கிடையாததால் யாரும் கேட்பதும் இல்லை. வேலை நெருக்கும்போது மனுஷர் எதைத் தள்ளிவைப்பார்? கேள்வி வராததைத்தானே. பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிய சிஸ்டரை 'கதை பேசிட்டு இருக்காங்க' என்று சொன்ன மேற்பார்வையாளரையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை ஒருமுறை கேட்டவர் மறுபடி உட்கார மாட்டார். ஆள் பற்றாக்குறை பெரிய விஷயம்தான்; ஆனால் சொல்லிக்கொடுப்பதை வேலையாகவே எண்ணாத மனப்போக்கு, இருக்கிற ஆளையும் வாய் மூட வைத்துவிடுகிறது.

நேரம் குறைவு என்பதோடு, நேரம் தப்பு என்பதும் சேர்ந்துகொள்கிறது. எல்லாம் டிஸ்சார்ஜ் நாளுக்கென்று தள்ளிவைக்கப்படுகிறது. அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வார்டில் நின்று பாருங்கள். ஒருவர் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கிறார், ஒருவர் காப்பீட்டுப் படிவத்துக்குக் கையெழுத்துத் தேடுகிறார், காலியான கட்டிலுக்குப் புது கேஸ் ஸ்ட்ரெச்சரில் வந்து காத்திருக்கிறது. மலைக்காரர்களுக்கு இன்னும் அவசரம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய், அங்கிருந்து உள் கிராமத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் நாளுக்குச் சில நடைதான். விட்டால் இருட்டில் நடை. ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நிற்பவரிடம் இன்சுலினைப் பற்றி என்ன சொன்னாலும், அவர் காதில் பஸ் ஹாரன்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் அனுபவமுள்ள சிஸ்டர்கள் கடைசி நாளுக்காகக் காத்திருப்பதில்லை. காலை ஊசி போடும்போதே, 'பாருங்கம்மா, வயித்துல இங்க போடுறேன், நாளைக்கு ரெண்டு விரல் தள்ளிப் போடணும்' என்று கையும் வாயுமாகச் சொல்லிவிடுவார்கள். அதற்குத் தனியாக நேரம் தேவையில்லை. ஒரு வாரம் இருப்பவருக்கு இரண்டு வேளை என்று பதினான்கு முறை வாய்ப்பு கிடைக்கிறது.

"சரிங்க சிஸ்டர்"

நம் பக்கத்து மரியாதை அழகானது. ஆனால் வார்டில் அது ஒரு திரையும்கூட. 'புரிஞ்சுதுங்களா?' என்று கேட்டால் 'புரிஞ்சுதுங்க சிஸ்டர்' என்று பதில் வரும். புரியவில்லை என்று சொன்னால் சிஸ்டரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். படிக்கத் தெரியாததை வெளியே சொல்லக் கூச்சம் வேறு. சீட்டைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, தலையாட்டிவிட்டு மடித்து வைத்துக்கொண்ட ஒரு ஆயா, சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அதைக் கவனிக்க ஒரு நொடி நிற்க வேண்டியிருக்கிறது.

வலியில் இருப்பவர் காதில் எதுவும் ஏறாது. ஆபரேஷன் முடிந்த அன்றைக்குச் சொல்வது வீண். 'உங்களுக்குச் சர்க்கரை இருக்கு' என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன அடுத்த பத்து நிமிஷமும் அப்படித்தான். இன்சுலின் என்றாலே கடைசிக்கட்டம் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய. அந்தப் பயத்தைப் பேசி இறக்கி வைக்காமல், எத்தனை யூனிட் என்று ஆரம்பிப்பதில் பயனில்லை.

அப்புறம் மொழி. சேலத்து நெசவாளர் குடும்பங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுபவர்கள் உண்டு; தமிழும் நன்றாகவே தெரியும் என்பதால் பெரிய சிக்கல் வராது. வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர் அடிபட்டு வந்தால்தான் சிஸ்டர் கையைக் காலை ஆட்டிப் பேச வேண்டியிருக்கிறது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ்தான். பெயரைப் பார்த்து ஏமாந்துபோகும் புது சிஸ்டர்கள் உண்டு. அவர்களோடு சிக்கல் வருவது நாம் பேசும் 'ஆஸ்பத்திரித் தமிழால்'. 'வெறும் வயித்துல' என்றால் யாருக்கும் புரியும். 'ஃபாஸ்டிங்ல' என்றால் பாதிப் பேருக்குப் புரியாது, ஆனாலும் தலையாட்டுவார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது சாப்பாட்டு விஷயம். அச்சடித்த உணவுத் தாளில் ஓட்ஸ், ஆப்பிள், பிரவுன் பிரெட் என்று இருக்கும். படிப்பவரோ களியும் சோறும் சாப்பிடுபவர். அந்தத் தாளைப் பார்த்ததும் 'இது நமக்கில்லை' என்று முடிவு செய்துவிடுகிறார். அதே நேரம், மரவள்ளி விளையும் நம் ஜில்லாவில் உடம்புக்கு முடியாதவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது வழக்கம். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். அதை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. மாம்பழ சீசனில் மல்கோவாவை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் ஆப்பிளைப் பற்றி என்ன பேசுவது? ஒரு துண்டு எவ்வளவு, எப்போது, அன்றைக்குச் சோற்றில் எவ்வளவைக் குறைப்பது என்று பேசினால் அவர் கேட்பார். விசைத்தறியில் நைட் ஷிப்ட் பார்ப்பவரிடம் 'இரவுச் சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதிக்கொடுக்கிறோம். அவர் இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேட்டோமா? சொல்லிக்கொடுப்பவர் முதலில் நாலு கேள்வி கேட்க வேண்டும். அந்த நாலு கேள்விக்குத்தான் வார்டில் இடமில்லாமல் போகிறது.

கேட்பவர் யார் என்பதும் இருக்கிறது. வார்டில் துணைக்கு இருப்பது மகன். வீட்டில் சமைப்பது மருமகள். ஊசி போடப்போவது மனைவி. நாம் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்புவோம். மகன் அடுத்த நாள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். நாகலூர்ப் பெரியவர் விஷயத்திலும், கண் மங்கலான அவருக்கே சொல்லிக்கொடுத்தேனே தவிர, பக்கத்தில் நின்ற அவர் மனைவியைக் கிட்டே கூப்பிடவில்லை.

இது யார் வேலை?

டாக்டர் சொல்லியிருப்பார் என்று சிஸ்டர் நினைப்பார். சிஸ்டர் சொல்லிவிடுவார் என்று டாக்டர் நினைப்பார். மருந்து கொடுக்கும் இடத்தில் சொல்லுவார்கள் என்று இருவரும் நினைப்பார்கள். இதில் செவிலியருக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது: 'நாம ஒண்ணு சொல்லி, டாக்டர் வேற சொல்லிட்டா?' இளம் சிஸ்டர்கள் பலர் அதனாலேயே 'டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க' என்று நழுவுகிறார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதைவிட அது மேல். ஆனால் பாதி நேரம் அவர்களுக்கு விடை தெரியும், சொல்ல அனுமதி இருக்கிறதா என்பதுதான் தெரியாது. எதைச் செவிலியரே சொல்லலாம் என்று டாக்டரும் வார்டு சிஸ்டரும் உட்கார்ந்து ஒருமுறை பேசி முடிவுசெய்த இடங்களில் இந்தத் தயக்கம் வெகுவாகக் குறைகிறது.

படிப்பும் ஒரு காரணம். நர்சிங்கில் கற்பிக்கும் முறை பற்றிப் பாடம் உண்டு. சார்ட் எழுதி, படம் வரைந்து, கூட்டத்துக்கு முன் பேசி மார்க் வாங்குகிறோம். ஒரு கட்டிலின் ஓரத்தில் நின்று, பயந்துபோன ஒருவரிடம் ஐந்து நிமிஷத்தில் எதைச் சொல்வது, எதை நாளைக்கு வைத்துக்கொள்வது என்பது வேறு பயிற்சி. அதை மூத்த சிஸ்டர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடிகிறது, அப்படிப்பட்ட மூத்தவர் வார்டில் வாய்த்தால்.

திருப்பிச் சொல்லச் சொல்வது

சரி, புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு உலகம் முழுக்க இப்போது பரவலாகச் சொல்லப்படும் வழி மிக எளிமையானது. 'புரிஞ்சுதா?' என்று கேட்காமல், நோயாளியையே திருப்பிச் சொல்லவோ செய்து காட்டவோ சொல்வது. பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பாரத்தை நம் பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவரின் மனைவியிடம் இரண்டாம் முறை இப்படித்தான் கேட்டேன்: "அம்மா, போன தடவை நான்தான் சரியாச் சொல்லலை. இப்பச் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில வீட்டுல என்ன செய்வீங்களோ, அதை இங்க செஞ்சு காட்டுங்க."

அவர் கையைக் கழுவினார். குப்பியை உள்ளங்கை நடுவே வைத்து மெதுவாக உருட்டினார். ரப்பர் மூடியைத் துடைத்தார். ஊசியில் 20 கோடு வரை காற்றை இழுத்துக் குப்பிக்குள் செலுத்தி, கவிழ்த்து, மருந்தை இழுத்தார். குமிழி இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவரே விரலால் தட்டி, குமிழியை மேலே ஏற்றி வெளியேற்றி, மறுபடி கோட்டுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் சரி. "இந்த ஊசி தீர்ந்துட்டா?" என்று கேட்டேன்.

"கடையில வாங்கணும்."

"என்னன்னு கேட்பீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "செவப்பு மூடி வேணும்னு கேப்பேன் கண்ணு. குப்பியையும் கையோட கொண்டுபோய்க் காட்டுவேன்."

குப்பியைக் கொண்டுபோவது நான் சொல்லாதது. அவராகவே கண்டுபிடித்தது. அதன்பின் ஒவ்வொருவருக்கும் அதையே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நான் சொல்லத் தவறிய இன்னொன்றும் அப்போதுதான் வெளியே வந்தது. அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. திறந்த குப்பி சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும். மலைக் குளிரில் கவலையில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரை வீட்டில் அப்படி விட முடியாது. ஒரு மண்பானைக்குள் இன்னொரு சிறு பானையை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, அதற்குள் குப்பியை வைக்கலாம். ஃபிரிட்ஜ் இருப்பவர்கள் ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது; உறைந்த இன்சுலின் உதவாது.

இப்படிச் செய்து காட்டச் சொல்வதால் நேரம் அதிகமாகும் என்று இளம் சிஸ்டர்கள் சொல்வார்கள். முதல் தடவை ஆகும். இன்ஹேலர் கொடுக்கும் ஒவ்வொருவரையும் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் மருந்தை இழுத்ததும் மூச்சைப் பிடிக்காமல் அப்படியே வெளியே விடுகிறார்கள் என்று தெரியும். அவர்கள் மூச்சுத் திணறி ராத்திரி திரும்பி வந்தால் ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டால், இது ஒன்றுமில்லை.

வீட்டார் செய்யக்கூடியது

உங்கள் வீட்டில் யாராவது வார்டில் இருந்தால், சிஸ்டராகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே கேளுங்கள். கூட்டமான டிஸ்சார்ஜ் நேரத்தில் கேட்காமல், முந்தின நாள் மாலை வார்டு கொஞ்சம் அடங்கியபின் கேளுங்கள். சமைப்பவரையும் மருந்து கொடுப்பவரையும் ஒருமுறையாவது வரச் சொல்லுங்கள். 'சிஸ்டர், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க' என்று நீங்களே ஆரம்பியுங்கள். எந்த சிஸ்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்சுலின் என்றால், சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன ஆகும் என்று கட்டாயம் கேளுங்கள்: வேர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். வீடு போனபின் வரும் சந்தேகத்துக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் தன்னார்வலரிடமும் ஊசியையும் சீட்டையும் எடுத்துக் காட்டலாம்.

கடைசியாக வார்டுக்காரர்களுக்கு ஒன்று. ஷிப்ட் மாறும்போது ட்ரிப்ஸ் எவ்வளவு போனது என்று சொல்கிறோம், எதுவரை சொல்லிக்கொடுத்தோம் என்று சொல்வதில்லை. நான் வேலை பார்த்த கடைசி வார்டில் ஹேண்டோவர் நோட்டில் அதற்கென்று ஒரு வரி சேர்த்தோம். யாரும் உத்தரவு போடவில்லை, நாங்களாகவே செய்தது. ஒரு நைட் டியூட்டி சிஸ்டர் இப்படி எழுதியிருந்தார்: '14-ஆம் கட்டில், மனைவி இன்சுலின் சரியாக இழுக்கிறார். சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லை.' காலையில் வந்த சிஸ்டர் நேராக 14-ஆம் கட்டிலுக்குப் போனார். போகும்போது கையில் ஒரு சர்க்கரை டப்பாவும் டீஸ்பூனும் எடுத்துக்கொண்டு போனார்.